பத்தி வாசலில் வைக்கும் தட்டு

கேள்வி: மட்டக்களப்பு திராய்மடுவில் இருக்கிறேன், வயது 38. கணவர் கட்டாரில். ஆறு வருடங்களுக்கு முன் இரட்சிக்கப்பட்டு ஒரு சபைக்குப் போகிறேன். பிள்ளைகள் படுத்த பிறகு, நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் சாட்சிகளைப் போனில் பார்ப்பேன். நெருப்புக்குள் நின்று ஒரு தகப்பன் மகளின் பேரைச் சொல்லிக் கத்தியதாக ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. என் அப்பா சைவம். சுனாமியில் நாவலடியில் போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. நான் அன்று பட்டினத்தில் அம்மம்மா வீட்டில் நின்றேன், அம்மா மட்டும் தப்பினார். இந்தச் சாட்சிகள் உண்மையா? அப்பா அங்கேதானா? அம்மாவுக்கு 71 வயது, இன்னும் கண்ணகை அம்மனைத்தான் கும்பிடுகிறார். சுனாமிக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டுப் பின்பத்தியில், வீட்டுக்குப் பின்னால் ஒட்டி இறக்கிய சின்ன அறையில், இருக்கிறார். அங்கே அம்மன் படம் இருப்பதால் நான் உள்ளே போவதில்லை, சாப்பாட்டை மூடி வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவருக்கு இந்த வீடியோக்களைக் காட்டட்டுமா?

பதில்: மகள், இந்தக் கடிதம் எனக்குப் புதிது இல்லை. கல்லடியிலிருந்தும் வந்திருக்கிறது, கல்முனையிலிருந்தும் வந்திருக்கிறது. நரக சாட்சி கேட்டு நித்திரையைத் தொலைத்தவர்கள் எல்லோரும் என்னிடம் எதிர்பார்ப்பது 'பயப்படாதே' என்ற ஒரு சொல்லைத்தான். அதை நான் சொல்லப் போவதில்லை. நானும் விசுவாசிதான், நரகம் இல்லை என்று தாலாட்டி உங்களைத் தூங்கவைக்க எனக்கு மனம் வராது.

சாட்சிகளை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. அமெரிக்காவில் ஒரு சிறுவன், 2004-ல் கார் விபத்தில் சிக்கியவன், சொர்க்கம் போய் வந்த கதை 2010-ல் புத்தகமாகி அமோகமாக விற்றது. 2015 ஜனவரியில் அவனே கடிதம் எழுதினான், நான் சாகவுமில்லை சொர்க்கம் போகவுமில்லை, எல்லோரும் என்னைக் கவனிப்பார்கள் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று. பதிப்பகம் புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. எல்லோரும் பொய்யர் என்று நான் சொல்லவில்லை, கனவு கண்டவர் இருப்பார், காய்ச்சலில் கண்டவரும் இருப்பார். ஆனால் மூன்றாம் வானம்வரை போனதைப் பவுல் பதினாலு வருடம் கழித்து எழுதுகிறார், அதுவும் மனுஷர் பேசக்கூடாத வார்த்தைகள் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்கிறார். பெத்தானியாவின் லாசரு நாலு நாள் கல்லறையில் கிடந்து எழும்பி வந்தவன், அங்கே என்ன கண்டான் என்று யோவான் ஒரு வரி எழுதவில்லை. உங்கள் போனில் வருகிறவரோ யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பேர் விலாசத்தோடு சொல்கிறார்.

சரி, இப்போது தட்டுக்கு வருவோம்.

'சாப்பாட்டை மூடி வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.' போகிற போக்கில் எழுதிய இந்த வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். சோற்றுக்கு மேலே இன்னொரு தட்டு, காகமும் பூனையும் வாய்வைக்காமல் இருக்க. நல்ல கவனம்தான். வைத்துவிட்டுக் கூப்பிடுவீர்களா, இல்லை தட்டு வைக்கிற சத்தம் கேட்டு அவரே கதவைத் திறப்பாரா? 71 வயதுக்காரி குனிந்து நிலத்திலிருந்து எடுக்கிறார், இல்லையா? நாய்க்கும் நாங்கள் அப்படித்தான் வைக்கிறோம், மகள். கோபிக்காதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

நரகம் நரகம் என்கிறீர்களே, லூக்கா 16-ஐ எடுத்துப் பாருங்கள். அந்த ஐசுவரியவான் சிலை கும்பிட்டான் என்று அங்கே இல்லை, கொலை செய்தான் என்றும் இல்லை. அவன் வாசலருகே லாசரு என்ற ஒரு தரித்திரன் கிடந்தான், பெத்தானியா லாசரு இல்லை, இவன் வேறு ஆள். அவ்வளவுதான். அதைவிட எனக்கு எப்போதும் உறைக்கிற விஷயம், பாதாளத்தில் வேதனைப்படும்போது 'லாசருவை அனுப்பும்' என்று பேர் சொல்லிக் கேட்கிறானே, அது. பேர் தெரிந்திருக்கிறது அவனுக்கு! மறுகா, என் ஐந்து சகோதரருக்குச் சாட்சி சொல்ல ஆள் அனுப்பும் என்று கெஞ்சுகிறான், அதாவது நீங்கள் ராத்திரியில் பார்க்கிற அதே சாமானைத்தான் கேட்கிறான், ஆபிரகாம் முடியாது என்கிறார். மோசேயும் தீர்க்கதரிசிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செவிகொடாதவர்கள் மரித்தோரிலிருந்து ஒருவன் எழுந்துபோனாலும் நம்பமாட்டார்கள் என்கிறார். மோசே கொண்டுவந்த கற்பலகையில் என்ன இருந்தது? உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக. தாய் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்று விசாரித்துவிட்டுக் கனம்பண்ணு என்று இருக்கவில்லை.

படம் இருக்கிறதாம், அதனால் போவதில்லையாம். விக்கிரகமானது ஒன்றுமில்லை என்று கொரிந்தியருக்கு எழுதியதும் அதே பவுல்தான். ஒன்றுமில்லாத ஒன்றுக்குப் பயந்து பெற்றவளின் அறைக்குள் கால் வைக்காமல் இருப்பதற்கு விசுவாசம் என்று யார் பேர் வைத்தது? சபையில் அப்படிச் சொல்லித் தந்திருந்தால் 1 தீமோத்தேயு 5:8-ஐ அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று இருக்கும். இயேசு நரகத்துக்குச் சொன்ன கெகன்னா என்ற சொல்லும் எருசலேமுக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கின் பேர். பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை மோளேகு என்ற சாமிக்கென்று நெருப்பில் போட்ட இடம். சாமியின் பேரைச் சொல்லிச் சொந்த இரத்தத்தைத் தள்ளிவிட்ட பள்ளத்தின் பேரைத்தான் அவர் எடுத்தார்.

வீடு பெண்பிள்ளைக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம், எனக்கும் வீடு அப்படித்தான் வந்தது. ஆனால் வீட்டோடு அம்மாவும் வருகிறார் என்பதும் அதே வழக்கம்தான், அதை ஒருவரும் உறுதிப் பத்திரத்தில் எழுதுவதில்லை, எழுதத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பிறகு கிடைத்த வீட்டை அவர் உங்களுக்குத் தந்துவிட்டுப் பத்திக்கு இறங்கினார். நீங்கள் அதே கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் உங்கள் அப்பா எங்கே என்று கேட்கிறீர்கள்.

அந்தத் தீர்ப்பு கடவுளுடையது. அதை உங்களுக்கு வாசித்துக்காட்டப் போதகருக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை. அப்பா எப்படிப்பட்ட மனுஷன், எதற்குச் சிரிப்பார், யாருக்குக் கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காமல் இருந்தார் என்பதெல்லாம் தெரிந்த ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

வீடியோவைக் காட்டட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வாவியுமாகக் கிடக்கிற நாவலடியில் நின்றவர் அவர். அன்று என்ன பார்த்தார் என்று ஒருநாளாவது பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? இன்றைக்கு இரவு தட்டை உள்ளே கொண்டுபோங்கள், உங்கள் சோற்றையும் எடுத்துக்கொண்டு. பாயில் இருந்து சாப்பிடுங்கள். மேலே மூடுகிற தட்டு குசினியிலேயே கிடக்கட்டும்.