பேரி மரத்தில் போத்துதான் வருகிறது, காய் இல்லை

கேள்வி: ஐயா, கொடைக்கானல் வில்பட்டியில் எங்களுக்கு 40 பேரி மரம் இருக்கிறது, எல்லாம் பத்து வயதைத் தாண்டியவை. போன தை மாதம் ஆள் விட்டு மொட்டையாகக் கவாத்து எடுத்தோம். இப்போது விளக்குமாறு மாதிரிப் போத்து (காய்க்காமல் நேராக ஓங்கி வளரும் இளங்கிளை) நிற்கிறது, காய் இல்லை. மேற்கு ஓரத்து சில்வர் ஓக் நிழல்தான் காரணமா? அதன் அடிக்கிளைகளை வெட்டிவிடலாமா?

பதில்: நிழல் அந்த ஓர வரிசையை வேண்டுமானால் பாதிக்கும். நாற்பது மரமும் காய்க்காமல் போனது கவாத்தால்தான். பேரி காய்ப்பது இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன கிளையில், விரல் நீளம்கூட இல்லாத, சுருக்கம் விழுந்த குட்டைக் குச்சிகளில். அதையெல்லாம் வழித்துவிட்டால், வேரில் இருக்கும் சத்து முழுக்க மிச்சமுள்ள நாலைந்து கணுவில் பீறிட்டுப் போத்தாகிவிடும். பீச் மரம் போன வருடக் குச்சியில் காய்ப்பது. அதை ஒட்ட வெட்டலாம். பீச் வெட்டிப் பழகிய கை பேரியிலும் அப்படியே இறங்கிவிடுகிறது.

இந்த வருடம் மழை விட்டதும், மார்கழிக் கடைசி முதல் தை முடிவதற்குள், வெயில் நாளாகப் பார்த்து வேலையை எடுங்கள். நெருங்கி நிற்கும் போத்துகளை அடியோடு எடுத்துவிட்டு, ஒரு முழ இடைவெளிக்கு ஒன்றாக விடுங்கள். விட்டதன் நுனியைக் கிள்ளக் கூடாது. சணல் கட்டிச் சாய்வாக இழுத்து வையுங்கள். சாய்ந்த குச்சியில்தான் வேகம் தணிந்து பூமொட்டு கட்டும். மொத்தத்தில் மரத்தின் கால் பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். சித்திரையில் புதிதாகக் கிளம்பும் இளம் போத்தைக் கையாலேயே ஒடித்துவிடலாம். யூரியாவை இந்த வருடம் மறந்துவிடுங்கள். மரத்துக்கு 25 கிலோ தொழுவுரம் போதும்.

தடித்த கிளையை ஒரே வெட்டில் இறக்கினால் பட்டை கிழியும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி மேலிருந்து அறுங்கள். மிஞ்சும் கட்டையைக் கிளையடிப் புடைப்பைத் தொடாமல் எடுங்கள். வெட்டுவாயில் அன்றே பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரும்புப் பாத்திரம் ஆகாது. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றுங்கள். பளபளப்பான கத்தியை நனைத்து எடுத்தால் செம்பு நிறம் ஏறுகிறதா? இன்னும் சுண்ணாம்பு வேண்டும்.

சில்வர் ஓக் அடிக்கிளையில் கை வைக்காதீர்கள். அடி திறந்தால் ஆனி, ஆடி மேல்காற்று தண்டுகளுக்கு நடுவே இன்னும் வேகமாகப் பாயும். அப்போதுதான் பேரி காய் பருத்து நிற்கும், காம்போடு உதிரும். வரிசை சுவர் மாதிரி அடைத்திருந்தாலும் காற்று மேலே ஏறித் தோட்டத்துக்குள் சுழன்று விழும். பாதிக் காற்றை வடிகட்டி விடுவதுதான் நல்ல வேலி. பேரிப் பக்கம் நீட்டிய கிளைகளில் மூன்றுக்கு ஒன்றை மாசிக்குள் எடுங்கள், வெளிச்சம் வந்துவிடும். ஏற்கெனவே அடி மொட்டையாக இருக்கும் இடத்தில் வெளிப்புறமாக விராலிப் புதர்ச்செடி நட்டு அடையுங்கள்.

ஓர வரிசைப் பேரி மட்டும் வாடினால் அது வேர்ப் போட்டி. சில்வர் ஓக்கிலிருந்து ஆறடி தள்ளி இரண்டடி ஆழக் குழி வெட்டி வேரை அறுங்கள், ஆனால் சரிவில் மழைக்கு முன் மூடிவிட வேண்டும். முழு மரத்தை வெட்ட நினைத்தால் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 இருக்கிறது. அனுமதி வாங்கிய பிறகே கோடாரியை எடுங்கள்.