தக்காளியின் அடி கறுக்கிறது: முதலில் கிணற்றைக் கவனியுங்கள்

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை நிலாவெளியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று நாலு பாத்தி. பகலில் நூல் பின்னி, குழந்தைத் தொப்பியும் காலுறையும் விடுதிப் பக்கக் கடைக்குக் கொடுக்கிறேன். ஆவணி பிறந்ததிலிருந்து தக்காளிக் காய்களின் அடி கறுத்து அமுங்குகிறது. மிளகாய் இலையும் சுருள்கிறது. கடையில் தந்த மருந்தை இரண்டு தரம் அடித்தும் பலனில்லை. தோட்டத்தைக் கைவிட்டுப் பின்னலை மட்டும் பார்க்கலாமா?

பதில்: தங்கச்சி, தோட்டத்தைக் கைவிட வேண்டாம். மருந்தடிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் தக்காளிக்கு வந்திருப்பது கிருமியால் வரும் நோயல்ல. ஒரு காயைப் பிடுங்கிப் பாருங்கள். காம்புப் பக்கம் பச்சையாக, நல்லாகவே இருக்கும்; பூ இருந்த முனை மட்டும் காய்ந்த தோல்போலக் கறுத்து உள்வாங்கியிருக்கும். காய் பருக்கும்போது அந்த முனைக்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது இது. கல்சியம் தண்ணீரோடுதான் ஏறும். வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் நாளில் ஏறுகிற தண்ணீரை இலைகளே இழுத்துக்கொள்ளும், காய்க்கு மிஞ்சாது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விட்டாலும் இதே கதைதான். யூரியா கூடினால் இன்னும் மோசமாகும். முட்டைக்கோது போடச் சொல்லுவார்கள். அது கரைவதற்குள் செடியே முடிந்துவிடும். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள். அடித்த மருந்துக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் (கீழே சொல்கிறேன்) கழிந்தபின் பறிப்பதென்றால், கறுப்பை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கறிக்குப் போடலாம்.

எனக்குக் கவலை உங்கள் கிணறுதான். கரையோர மணலில் நன்னீர் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கணக்கின்படி, மேலே நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்புநீர் 40 அடி வரை ஏற இடமுண்டு. ஆவணியில் மோட்டரைப் போட்டுக் கிணற்றின் அடி தெரியும்வரை இறைத்தால், நாமே உப்பை மேலே கூப்பிடுகிறோம். உப்பு ஏறிய தண்ணீரை வேர் சிரமப்பட்டுத்தான் உறிஞ்சும். கல்சியம் போகும் வழியும் அதோடு அடைபடும். அதனால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, வாளியால் அள்ளி அடியில் ஊற்றுங்கள். இலையில் படவிடாதீர்கள், நுனி கருகும். காய்ந்த சருகை நாலு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) கிடைத்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிய பிறகே போடுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

மிளகாய் இலை மேல்நோக்கித் தோணிபோல வளைந்தால் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி. இலையெல்லாம் சிறுத்து, செடியும் குறண்டிப்போனால் வைரஸ். அதைப் பிடுங்கி எரிப்பதைவிட வேறு வழியில்லை. மற்ற இரண்டுக்கும் இப்போது மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் வேப்பங்கொட்டை போதும். பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். கந்தகத்தூள் இந்த வெயிலில் வேண்டாம், இலையைச் சுட்டுவிடும்.

மருந்தை நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே கைதானே பின்னல் ஊசியையும் பிடிக்கிறது? குழந்தை தொப்பி நாடாவை வாயில் வைத்துச் சப்பும். மருந்தடித்த நாட்களில் பின்னியதைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து உலர்த்தியபின் கடைக்குக் கொடுங்கள். நூல்பை தெளிகருவி இருக்கும் அறையில் தொங்கவே கூடாது. அடித்த மருந்துப் போத்தலின் லேபிளில் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் எத்தனை என்று இருக்கும். அதுவரை காய் பறித்து உண்ண வேண்டாம்.

இனி வேலைக் கணக்கு. வெளிநாட்டார் வருகை புரட்டாசியோடு குறையும், ஐப்பசியில் மழை வரும். அதனால் இந்த மாதம் பின்னலுக்கே கையைக் கொடுங்கள். இருக்கும் காய் முடிந்ததும் தக்காளிச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். கத்தரியை ஒரு அடி உயரத்தில் வெட்டி, மட்கிய சாணமிட்டு விட்டால் குறைந்த தண்ணீரில் உயிர் பிடித்து, மழைக்குத் துளிர்க்கும். புரட்டாசித் தொடக்கத்தில் நாற்றுமேடை போட்டு, வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தபின் விதையுங்கள். காற்று அடங்கிய மாலையில், கிடுகு வேலிக்குத் தள்ளியே எரிக்க வேண்டும். மழையோடு நட்டால் தைப்பொங்கல் நேரம் புதுக் கத்தரி கைக்கு வரும்.

அதற்கு முன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் தண்ணீரைக் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் கேட்கலாம். பத்து வாளி இறைத்தபின் வரும் தண்ணீரை எடுங்கள். அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிய போத்தலில் விளிம்புவரை நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.