தலைவி வராத வாரம் கூட்டம் நடக்கிறதா?

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்து மகளிர் குழுக்களுக்குப் பல வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். எங்கள் தெருக் கோயில் திருவிழாவான கொடைக்கு வரி வசூல் நோட்டு பிடித்த அனுபவமும் உண்டு. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்வதில் என்ன சிக்கல் இருந்தாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்:

முக்கூடல், குழு உறுப்பினர்: அக்கா, எங்கள் குழுவில் 14 பேர். நோட்டு எழுதுவது, பேங்குக்குப் போவது, யாருக்குக் கடன் என்று முடிவு செய்வது எல்லாமே ஊக்குநர்தான், அதாவது எங்கள் தலைவிதான். மகள் பிரசவத்துக்கு அவர் இரண்டு மாதம் வெளியூர் போனார். அதோடு கூட்டமும் நின்றுவிட்டது. அவர் தங்கமான மனுஷி. தப்பு எங்கே?

தங்கமான மனுஷி என்பதால்தான் இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை!

1939-ல் அமெரிக்காவின் அயோவாவில் உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பத்து, பதினொரு வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். சில குழுவில் தலைவர் உத்தரவு போடுவார். சிலவற்றில் பையன்களோடு கலந்து பேசி முடிவெடுப்பார். இன்னும் சிலவற்றில் ‘உங்கள் இஷ்டம்’ என்று விட்டுவிடுவார். உத்தரவு போட்ட குழுக்களில், தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுக்களில் அவர் போனது தெரியாத மாதிரி வேலை நடந்தது. உங்கள் ஊக்குநர் அதட்டுகிறவர் இல்லைதான். ஆனால் எல்லாம் அவர் தலையில் இருந்தால், அன்பான உத்தரவுக்கும் அதே கதிதான்.

ஊக்குநருக்கு அடுத்தபடியாகப் பிரதிநிதி 1, பிரதிநிதி 2 என்று இருவரை வைத்திருப்பது வங்கியில் கையெழுத்துப் போட மட்டும் இல்லை. அடுத்த நான்கு கூட்டத்துக்குத் தீர்மான நோட்டை வாரம் ஒருவர் எழுதட்டும். ஊக்குநர் பக்கத்தில் உட்காரலாம், பேனாவைத் தொடக் கூடாது.

அப்புறம் ஒன்று. உங்கள் பக்கத்துக் குழு ஒன்றில் நான் பார்த்தது. ஓர் அக்கா மடியில் சொளவை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, “போன மாசம் நீ நூறு குறைச்சுக் கட்டின, அதுக்கு முந்தின மாசம் அம்பது” என்று தலை நிமிராமல் சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டு வேறொருவர் கையில் இருந்தது, கணக்கு இவர் வாயில் இருந்தது. அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. உங்கள் 14 பேரிலும் அப்படி ஒருவர் இருப்பார், தேடுங்கள்.

மேலப்பாளையம், கல்லூரி மாணவி: ப்ராஜெக்டில் ஆறு பேர். இரண்டு பேர்தான் வேலை செய்கிறோம். மற்ற நாலு பேரும் சோம்பேறிகளா?

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் உண்மையிலேயே இழுக்கிறார்கள், எத்தனை பேர் வடத்தில் கையை வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள்? ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்க வைத்தே இதை அளந்தார், 1913-ல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் இழுப்பும் குறைகிறது. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். ‘அதான் இத்தனை பேர் இருக்காங்களே’ என்பது இன்னொன்று.

அதே தேரில், தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவரைப் பாருங்கள். அவர் அசந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், அதனால் அசர மாட்டார். அந்த நாலு பேருக்கும் பெயர் எழுதி ஆளுக்கொரு சறுக்குக்கட்டையை, அதாவது தனி வேலையைக் கொடுங்கள். அப்புறமும் படுத்தால் சோம்பேறி என்று சொல்லிக்கொள்ளலாம்.

கல்லிடைக்குறிச்சி, கொடைக் கமிட்டிக்காரர்: எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறோம். ஒளிவுமறைவே இல்லை. ஆனால் தினமும் சண்டை.

அண்ணாச்சி, ஒளிவுமறைவு இல்லாததும் ஒழுங்கு இல்லாததும் வேறு வேறு. 1951-ல் லெவிட் என்ற ஆய்வாளர் ஐந்து ஐந்து பேராக உட்கார வைத்து, சீட்டு எழுதி மட்டுமே பேச வேண்டும் என்று வைத்தார். ஒரு குழுவில் எல்லாச் சீட்டும் நடுவில் இருக்கும் ஒருவருக்குப் போகும். இன்னொன்றில் வட்டமாக, பக்கத்தில் இருக்கிற இருவரோடு மட்டும் பேசலாம். சின்னப் புதிரை நடுவாள் குழு சட்டென்று முடித்தது. வட்டம் இழுத்தடித்தது, தப்பும் அதிகம். ஆனால் வட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் வேலை பிடித்திருந்தது. மற்றதில் நடுவாளுக்கு மட்டும் சந்தோஷம்.

அதனால் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் வரி) யார் கொடுத்தார், யார் பாக்கி என்பதெல்லாம் ஒருவரிடமே போகட்டும், அவர் வாரம் ஒரு முறை குரூப்பில் போட்டால் போதும். எந்த வில்லுப்பாட்டு செட்டைக் கூப்பிடுவது என்பதை மட்டும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் நோட்டில் பேச வேண்டிய விஷயம் இல்லை அது.

வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் தம்பி: நீங்கள் சொல்கிற கலந்து பேசுவதெல்லாம் எங்கள் செட்டில் கிடையாது. தலைமைப் பாடகரான அண்ணாவி வைத்ததுதான் சட்டம்.

மேடையில் அப்படித்தான் இருக்க வேண்டும் தம்பி. சுடலைமாடனுக்கு ஆடுகிறவர் மேல் சாமி வருகிற நேரத்தில், வேகத்தைக் கூட்டலாமா என்று உடுக்கைக்காரரிடமும் உன்னிடமும் ஓட்டு வாங்கிக்கொண்டிருக்க முடியாது. வில்லில் அண்ணாவியின் வீசுகோல் விழுந்தால் குடத்தில் உன் அடி விழ வேண்டும். ஆனால் விடிந்து வேனில் திரும்பும்போதும் அவரே பேசினால், அதுதான் கோளாறு.

இன்னொன்றைக் கவனி. இடது பக்கம் இருந்து ‘ஆமா’ போடுகிறவர் இல்லாவிட்டால் அண்ணாவிக்குக் கதை ஓடுமா? பென்னி, ஷீட்ஸ் என்ற இருவர் 1948-ல் குழுவில் ஆட்கள் செய்வதை மூன்றாகப் பிரித்தார்கள்: காரியத்தை நகர்த்துவது, ஆட்களைச் சேர்த்துப் பிடிப்பது, தன் காரியத்தைப் பார்த்துக்கொள்வது. ‘ஆமா’ இரண்டாவது வகை. சம்பளம் பிரிக்கும்போது மறந்துபோவதும் பெரும்பாலும் அந்த வகையைத்தான்.

பத்தமடை: புதுக் குழு, இரண்டே மாதத்தில் சண்டை. கலைத்துவிடலாமா?

வேண்டாம். குழுக்கள் வளரும் படிகள் என்று உளவியலாளர் டக்மன் 1965-ல் சொன்ன வரிசையில் கூடுவதற்கு அடுத்த படியே முட்டிக்கொள்வதுதான். ஆறு மாதம் பாருங்கள். பணம் கையாடல் என்றால் மட்டும் இன்றே பேசுங்கள்.

வீரவநல்லூர்: தலைவியைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கினால் போதுமா, சீட்டு வேண்டுமா?

கை தூக்குவது வேண்டவே வேண்டாம். எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். கோட்டின் நீளத்தைச் சொல்வதில்கூடக் கூட்டத்தோடு சேர்ந்து பலர் தப்பாகச் சொன்னார்கள் என்று உளவியலாளர் ஆஷ் 1951-லேயே காட்டிவிட்டார். கூட ஒருவராவது சரியாகச் சொன்னால் மற்றவருக்கும் தைரியம் வருகிறது என்பதும் அவர் கண்டதுதான்.

எழுதத் தெரியாதவர்கள் இருந்த ஒரு குழுவில் மூன்று டம்ளருக்கு மூன்று நிறத் துணி கட்டி, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்து, ஒவ்வொருவராக உள்ளறைக்கு அனுப்பினோம். இருந்தது 15 பேர். எண்ணும்போது 16 கொட்டை. சிரித்து ஓய்ந்ததும் எல்லோர் முந்தானையையும் உதறச் சொல்லிவிட்டு மறுபடி முதலில் இருந்து போட்டோம்.