டர்பனில் கார் காப்பீடு: மாமாவின் பெயரில் எடுக்கலாமா?

அன்புள்ள தம்பி,

திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, அருகிலுள்ள உம்லாங்காவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வயது 23 என்றும், ஓராண்டுக்குள் இரண்டு முறை இழப்பீடு கேட்டதால் காப்பீட்டு நிறுவனம் பாலிசியை நிறுத்திவிட்டது என்றும், மற்ற நிறுவனங்கள் சொல்லும் பிரீமியம் கட்டுப்படியாகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் மாமாவை ஓட்டுநராகக் காட்டிப் பாலிசி எடுத்துவிட்டு நீங்கள் ஓட்டலாமா, அல்லது இங்கே கட்டாயம் இல்லை என்பதால் காப்பீடே இல்லாமல் இருந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

நம் ஊரில் காப்பீடு வண்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காருக்கு அதன் பிரீமியம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. முறையான உரிமம் இருந்தால் அண்ணன் ஓட்டினானா தம்பி ஓட்டினானா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் மாமாவின் பெயர் என்ற யோசனை நம்மவர்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறது. தென்னாப்பிரிக்காவிலோ வண்டியை எடைபோடும் அளவுக்கு அதை ஓட்டுபவரையும் எடைபோடுகிறார்கள். வயது, உரிமம் பெற்று எத்தனை ஆண்டுகள் ஆயின, இதுவரை கேட்ட இழப்பீடுகள், எந்த நிறுவனமாவது பாலிசியை நிறுத்தியதா, இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வழக்கமாக ஓட்டுபவர் யார் என்பதைத் தனியாகப் பதிந்துகொள்கிறார்கள். தொலைபேசியில் நீங்கள் சொல்லும் பதில்கள் ஒலிப்பதிவாகின்றன. பின்னால் தகராறு வந்தால் அந்தப் பதிவே சாட்சியாகிவிடும்.

வண்டி மாமாவுடையதாக இருப்பதிலோ பிரீமியத்தை அவர் கட்டுவதிலோ தவறில்லை. வழக்கமாக ஓட்டுபவர் நீங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். அதை மறைப்பதுதான் ஆபத்து. பெரிய விபத்து நடந்தால் நிறுவனம் விசாரணையாளரை அனுப்பும். தினமும் உங்கள் அலுவலகத்தில் நிற்கும் வண்டியை யார் ஓட்டுகிறார் என்று கண்டுபிடிப்பது அவருக்குப் பெரிய வேலையல்ல. இழப்பீடு மறுக்கப்படும், அதுவரை கட்டிய பணம் வீணாகலாம், பல ஆண்டுகள் விபத்தே இல்லாமல் ஓட்டிய மாமாவின் பெயரிலும் கறை படியும். உதவி செய்ய முன்வந்த மனிதருக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

காப்பீடே வேண்டாம் என்ற எண்ணத்துக்குக் காரணம் ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் என்ற அரசு நிதியம். நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் அதற்கு ஒரு பங்கு போகிறது. 2021இல் அது 2.18 ராண்டாக உயர்த்தப்பட்டது. விபத்தில் காயமடைந்தவருக்கு அந்த நிதியம் இழப்பீடு தருகிறது. 2008 ஆகஸ்ட் 1க்குப் பிறகு அவர் அந்தக் காயத்துக்காக உங்கள் மீது வழக்குப் போடவும் முடியாது. ஆனால் உடைந்த வண்டிக்கு அந்த நிதியம் ஒரு சதம் கூடத் தராது. என்2 நெடுஞ்சாலையில் உங்கள் தவறால் ஒரு விலையுயர்ந்த ஜெர்மன் காரின் முன்பக்கம் நொறுங்கினால், அதன் காப்பீட்டு நிறுவனம் காரின் உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதே தொகையைக் கேட்டு உங்களுக்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பும். நீதிமன்றத் தீர்ப்பு வரை போனால், பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போதும் அது எதிரே வந்து நிற்கும்.

எனவே உங்கள் வண்டியின் சேதத்தையும் ஏற்கும் முழுக் காப்பீடு கட்டுப்படியாகாவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடாவது எடுங்கள். அதற்கு மிகக் குறைவாகத்தான் ஆகும், அடுத்தவர் வண்டிக்கான பெருஞ்செலவை அது தாங்கும். வங்கிக் கடனில் வாங்கிய வண்டியானால் முழுக் காப்பீட்டைத் தவிர வேறு வழியில்லை. அப்போது எக்ஸஸ் தொகையை, அதாவது ஒவ்வொரு இழப்பீட்டிலும் நீங்கள் முதலில் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கை, உயர்த்திக்கொண்டால் மாதப் பிரீமியம் இறங்கும். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் கூடுதல் எக்ஸஸ் சேர்ப்பது வழக்கம். பிரீமியத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாமல், எல்லா எக்ஸஸும் சேர்ந்து எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அந்தத் தொகையைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். பம்பர் கீறலுக்கெல்லாம் இழப்பீடு கேட்காதீர்கள். சிறு செலவைக் கையிலிருந்து கொடுப்பதுதான் உங்கள் பெயரைத் தேற்றும்.

நேரடியாக விற்கும் நிறுவனங்கள் மறுத்தால் ஒரு காப்பீட்டுத் தரகரிடம் போங்கள். பாலிசி நிறுத்தப்பட்டவர்களை எந்த நிறுவனம் ஏற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஊரில் உங்கள் பெயரில் வண்டி இருந்திருந்தால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான நோ க்ளெய்ம் போனஸ் சான்றை வரவழையுங்கள். எல்லா நிறுவனமும் அதை ஏற்காது, கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. இந்திய உரிமத்தில் ஓட்டுவதை நிறுவனம் ஏற்கிறதா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர் பொருத்துவது, பூட்டிய வாசலுக்குள் வண்டியை நிறுத்துவது, ஓட்டும் விதத்தைக் கண்காணிக்கும் செயலிக்குச் சம்மதிப்பது ஆகியவையும் உதவலாம். கலவரச் சேதத்துக்கு அரசின் சஸ்ரியா காப்பீடு தனியாக உண்டு. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் பட்ட பாட்டை மாமாவிடம் கேட்டால் சொல்வார், அந்தக் காப்பீடு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்காலத்தில் ஏதேனும் இழப்பீட்டை நியாயமின்றி மறுத்தால், 2024 முதல் இயங்கும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். நீங்கள் தொடக்கத்தில் எதையும் மறைக்காமல் இருந்தால்தான் அங்கே உங்கள் வாதம் நிற்கும். இந்த வாரமே ஒரு தரகரைப் பாருங்கள். நிறுத்தப்பட்ட பாலிசியின் கடிதத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.