துணையை இழந்த பிறகு: அன்றாடம் பற்றிச் சில கேள்விகள்

வாழ்க்கைத் துணையை இழந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. "ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதனால் வீட்டு வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு வயது 67. மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. பல நாள் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன். மாத்திரையையும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். இந்த வயதில் இதையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் முதலில் மாத்திரையைக் கவனியுங்கள். 1969-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, மனைவியை இழந்த, 55 வயதைத் தாண்டிய 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அதே வயதுள்ள மணமான ஆண்களைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதில் இதய நோய்க்குப் பெரிய பங்கு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. துக்கம் உடம்பையும் பிடிக்கும் என்பதை நீங்கள் அலட்சியம் செய்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மனைவி இறந்ததையும் ஒருவேளை மட்டும் சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைக்கான சில மாத்திரைகளைச் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடும். காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி வையுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். "இதை அவள் பார்த்துக்கொள்வாளே" என்று மனதில் படும் ஒவ்வொன்றையும் அந்த நிமிடமே அதில் எழுதுங்கள். கேஸ் பதிவு செய்வது, துணி துவைப்பது, உறவினர் வீட்டு விசேஷத்தை நினைவு வைத்திருப்பது என்று பட்டியல் நீளும். ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், எதை நீங்களே செய்தாக வேண்டும், எதை இன்னொருவரிடம் கேட்கலாம், எதை விட்டுவிடலாம் என்று. விட்டுவிடக்கூடியவை நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கும்.

சமையலில் இரண்டே இரண்டு கற்றுக்கொள்ளுங்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள், சலித்தாலும் பரவாயில்லை. பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். துக்கத்தில் பசி ஒழுங்காகத் தெரியாது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அடுப்பருகே நின்றபடி சாப்பிடாமல் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அலமாரியில் அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய டப்பா ஏதாவது கண்ணில் படும். அன்று சமையல் நின்றுபோகலாம். சரி, அன்று வெளியில் வாங்கிச் சாப்பிடுங்கள், மறுநாள் தொடருங்கள். சீட்டைக் கிழிக்க வேண்டாம்.

கணவர் போய் ஐந்து மாதம். அவருடைய சிம்முக்கு மாதாமாதம் பணம் கட்டுவது வீண் என்கிறான் மகன். நிறுத்திவிடலாமா?

இப்போது வேண்டாம். வங்கி, காப்பீடு, மின்னஞ்சல், பில் கட்டும் செயலிகள் எல்லாம் அந்த எண்ணோடு பிணைந்திருக்கும். எண்ணை விட்டுவிட்டால் கொஞ்ச காலத்தில் அது வேறொருவருக்குப் போய்விடலாம். அப்புறம் ஒவ்வோர் இடமாக அலைய வேண்டியிருக்கும். அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளைச் சில மாதம் கவனித்தாலே எங்கெங்கே கணக்கு இருக்கிறது, எதற்கெல்லாம் தானாகப் பணம் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: ஓடிபி கைக்கு வருகிறதே என்று அவர் கணக்கிலிருந்து நீங்களாகப் பணம் எடுக்காதீர்கள். பின்னால் சட்டச் சிக்கல் வரும், சொந்தங்களுக்குள் மனக்கசப்பும் வரும். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய், நாமினி அல்லது வாரிசு என்ற முறையில் கேளுங்கள். சான்றிதழில் பல பிரதிகள் வாங்கி வைப்பது நல்லது, கேட்காத இடமே இருக்காது.

போனின் பூட்டு எண் தெரியாவிட்டால் ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். சில போன்கள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பதும் அழிந்துபோகலாம். திறக்க முடிந்தால், படங்களையும் அவர் அனுப்பிய குரல் செய்திகளையும் இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். இன்று கேட்க முடியாமல் இருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றும் நாளில் அது இருக்க வேண்டும்.

இறந்துபோன கணவர் மாடிப்படியில் ஏறிவரும் சத்தம் கேட்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மனநோயா?

இல்லை. 1971-ல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசியதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததையும் அவரைப் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னார்கள். அதில் பெரும்பாலானோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. நெருங்கிய ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். ஏதாவது குரல் கேட்டு, அது உங்களையோ மற்றவரையோ துன்புறுத்தச் சொன்னால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நேற்று தோழியோடு பேசும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் போனதும் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை.

சிரித்ததற்காக உங்கள் அன்பு குறைந்துவிடாது. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் சொன்ன அந்தப் படிகள், தாமே சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதிலிருந்து வந்தவை. துக்கம் படி ஏறுவதுபோல வரிசையாகப் போவதில்லை. துக்கம் பற்றி ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் ஆகியோர் 1999-ல் விளக்கியபடி, மனம் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வரும். காலையில் அழுவதும் மாலையில் சிரிப்பதும் ஒரே துக்கத்தில் அடங்கியவைதான்.

மூன்று வருடமாகியும் வெளியே வர முடியவில்லை. வேலைக்கும் போவதில்லை.

"காலம் ஆற்றும்" என்று இன்னும் காத்திருக்காதீர்கள். ஏக்கம் துளியும் தணியாமல் நாள் முழுக்க நீடித்து வாழ்க்கையை முடக்கினால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. இதற்கென்றே பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, பலன் தரவும் செய்கிறது. மனநல மருத்துவரிடம் "அழுகை" என்று மட்டும் சொல்லாமல், வேலைக்குப் போகாததையும் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாமும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

அப்பா இறந்து இரண்டு மாதம். வீட்டை விற்றுவிட்டு அம்மாவை எங்களோடு அழைத்துக்கொள்ள அண்ணனும் நானும் நினைக்கிறோம். சரியா?

எண்ணம் நல்லது, அவசரம் வேண்டாம். பணமோ உடல்நிலையோ நெருக்கினால் தவிர, திரும்பப் பெற முடியாத முடிவுகளை முதல் வருடம் தள்ளிப்போடுங்கள். கணவரோடு சேர்த்து வீடு, தெரு, பழகிய முகங்கள் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் இழப்பது பெரிய சுமை. அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. சில வாரம் உங்களோடு வந்து இருக்கட்டும், வீடு அப்படியே இருக்கட்டும். உங்கள் வீட்டில் "நீங்கள் சும்மா உட்காருங்கள்" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அப்பாவின் துணிகளையும் அம்மா சொல்லும் நாளில் அம்மா சொல்லும்படி எடுங்கள். தம் வீட்டிலேயே இருக்கிறேன் என்றால், யார் எந்தக் கிழமை வருவது என்று நீங்கள் இருவரும் பேசி அவரிடம் சொல்லிவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது வருகிறேன் என்றால் அவர் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.