கழற்றிய வயருக்கு யார் சாட்சி?

கேள்வி: என் டொயோட்டா அக்வா காருக்கு யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு கடையில் அண்ட்ரொயிட் செற், நான்கு ஸ்பீக்கர்கள், அம்பிளிபயர், சப் வூபர் எல்லாம் பூட்டினேன். மொத்தம் 265,000 ரூபா. 150,000 ரூபாவைக் காசாகக் கொடுத்தேன். மீதி 115,000 ரூபாவுக்குப் பின்திகதியிட்ட காசோலை. பூட்டிய அன்றே ஸ்பீக்கரில் நுளம்பு இரைவதுபோல ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடும். மூன்று தடவை திரும்பிப் போனேன். ஏதோ ஃபில்ட்டர் ஒன்று வைத்தார்கள், தீரவில்லை. கடைசித் தடவை மற்ற வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க, ‘முதலில் உங்கள் காதைக் காட்டுங்கள்’ என்றார் முதலாளி. நான் முப்பத்திரண்டு வருடம் சங்கீதம் படிப்பித்தவன். பிறகு சுன்னாகத்தில் ஓர் எலெக்ட்ரீஷியன் வயர்களை மாற்றிச் சத்தத்தைப் பெருமளவு குறைத்தார். கூலி 18,000 ரூபா. பிழை முதற்கடையுடையது என்று கடிதமும் தந்திருக்கிறார். முழுப் பணத்தையும், மனவேதனைக்குப் பத்து இலட்சத்தையும் கேட்டு வழக்குப் போடலாமா? காசோலையை நிறுத்தலாமா? (கோண்டாவில் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். மூன்று பக்கத்தில் முதலாளியின் வாய்த்துடுக்கும், கனடாவிலிருந்து பணம் அனுப்பிய மகனின் கவலையும், நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகும்போது பாட்டுக் கேட்க முடியாமற் போனதும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றும் வழக்குக்கு உதவாது. ஒப்பந்தத்தை மீறியவரிடம் நமது உரோமன் டச்சுச் சட்டம் பணநட்டத்தைத்தான் வாங்கித் தரும், மனவேதனைக்கு விலை போடாது. பத்து இலட்சத்தை இப்போதே மறந்துவிடுங்கள். காதைப் பற்றிச் சொன்னதற்கு மானநட்ட வழக்கு வேண்டுமென்றால் அது தனிக் கதை. நான் எடுத்து நடத்தமாட்டேன்.

சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். கார் அந்தக் கடையை விட்டு வெளியே வந்தபோது வேலை உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்யப்பட்டிருந்ததா? இல்லையென்று உங்களால் காட்ட முடியுமா? முதற்பகுதியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். இரண்டாவதை நீங்களே சுன்னாகத்துக்குக் கொண்டுபோய், 18,000 ரூபா கூலி கொடுத்துக் கழற்றிப் போட்டுவிட்டீர்கள்.

இது எனக்குப் புதிய காட்சி அல்ல. குளிரூட்டி, கூரை ஓடு, கிணற்று மோட்டார் என்று பொருள் மாறும், கதை மாறாது. பழுது வந்ததும் ஆத்திரத்தில் இன்னொருவரைக் கூட்டிவந்து திருத்திவிட்டு, திருத்திய பில்லோடு என்னிடம் வருவார்கள். எதிராளியின் சட்டத்தரணிக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. ‘எங்கள் வேலையைக் காட்டுங்கள், பார்ப்போம்’ என்பார். காட்ட என்ன இருக்கிறது? இப்போது காரில் இருப்பது சுன்னாகத்து வேலை.

கார் ஒலியில் இது இன்னும் மோசம். ஒரே இரைச்சலுக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் பாதி கடைக்காரரின் தலையில் விழாது. அம்பிளிபயரின் எர்த் வயரைப் பெயின்ற் சுரண்டாத தகட்டில் பூட்டினால் இரைச்சல் வரும். செற்றிலிருந்து அம்பிளிபயருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளைப் பவர் வயரோடு சேர்த்து ஒரே வழியால் இழுத்தாலும் வரும். அம்பிளிபயரைச் செற்றின் அளவுக்குப் பொருத்தும் கெயின் திருகியைச் சத்தம் கூட்டும் திருகி என்று நினைத்து முழுதாகத் திருப்பிவிட்டாலும் வரும். இம்மூன்றும் பூட்டியவரின் பிழை. செற்றே மலிவான சாமானாக இருந்து இரைந்தால், அது வேலைப் பிழையல்ல, பொருட்பிழை. அப்போது பேச்சு பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்துக்குப் போகும், கடைக்காரர் இறக்குமதியாளரைக் காட்டுவார். காரிலேயே பழைய எர்த் ஒன்று துருப்பிடித்திருந்தால் அது உங்கள் பொறுப்பு. கைபேசியை ஓக்ஸ் வயரில் கொடுத்துக்கொண்டு அதே கைபேசியைக் காரின் சார்ஜரில் போட்டாலும் இதே இரைச்சல்தான். வடமராட்சிக் கட்சிக்காரர் ஒருவருக்கு வாகனப் பரிசோதனையில் எதிர்த்தரப்பு சார்ஜரைப் பிடுங்கியது, இரைச்சல் நின்றது, வழக்கும் நின்றது. செலவுத் தொகை மட்டும் நிற்கவில்லை.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். ‘ஒல்டனேற்றர் சத்தம் எர்த் பிழையால் ஸ்பீக்கருக்கு வந்துள்ளது’ என்று எழுதியிருக்கிறார். ஒல்டனேற்றர் என்பது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் பகுதி. ஐயா, அக்வாவில் ஒல்டனேற்றர் இல்லை. அது ஹைபிரிட். பன்னிரண்டு வோல்ற் பற்றரிக்கு மின்சாரத்தை ஹைபிரிட் பற்றரியிலிருந்து கொன்வேட்டர் ஒன்று இறக்கிக் கொடுக்கிறது. வாகனப் பைத்தியத்தால் எனக்கு இது தெரியவரவில்லை. முன்னொரு வழக்கில் என் பக்கச் சாட்சியே இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுச் சாட்சிக் கூண்டில் வியர்த்து நின்றார். சுன்னாகத்துக்காரரின் வேலை சரியாகவே இருக்கலாம். இந்த வகை இரைச்சலுக்குத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பெயர் அது. ஆனால் குறுக்கு விசாரணை தொழிற்பெயரை மன்னிக்காது. ‘இல்லாத பகுதியிலிருந்து சத்தம் வந்ததாக எழுதியவர், இருந்த எர்த்தை எப்படிப் பார்த்தார்?’ என்று ஒரே கேள்வி, முடிந்தது. அதோடு, கடிதம் தானாகச் சாட்சி சொல்லாது. எழுதியவர் கூண்டேற வேண்டும். தன் தகைமையையும் அனுபவத்தையும் நிரூபித்தால்தான் அவரது அபிப்பிராயத்தை நிபுணர் அபிப்பிராயமாக மன்று எடுக்கும். தவணைக்குத் தவணை கடையைப் பூட்டிவிட்டு உங்களுக்காக வருவாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் இணைத்த வட்ஸ்அப் பிரதிகளையும் பார்த்தேன். ஃபில்ட்டர் வைத்த மறுநாள் நீங்கள் எழுதியது: ‘இப்போது பரவாயில்லை தம்பி, நன்றி.’ பண்பான மனிதர். எதிராளி முதலில் அச்சிட்டுக் கொண்டுவரப்போவதும் அதைத்தான். பில்லின் அடியிலோ ‘வேறு யாரும் கழற்றினால் உத்தரவாதம் இல்லை’ என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்த வரியால் சட்டம் தரும் பாதுகாப்பு முழுவதும் போய்விடும் என்று நான் ஏற்கமாட்டேன். ஆனால் அதை வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும், அதற்கும் காசு.

செய்திருக்க வேண்டியது இதுதான். மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன், ஏனென்றால் ஜப்பானியக் கார் வாங்கிய எல்லோரும் ஒருநாள் செற் மாற்றத்தான் போகிறார்கள். அங்கே எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95 இல் முடிகிறது. இங்கே 108 வரை போகிறது. பழைய செற்றில் பாதி நிலையம் கேட்காது. இரைச்சல் வந்தால் ஒன்றையும் கழற்றாமல் கைபேசியில் இடைவெட்டு இல்லாத வீடியோ எடுங்கள். இலக்கத்தகட்டில் தொடங்கி டாஷ்போர்டுக்கு வாருங்கள். சார்ஜரைப் பிடுங்கி, சத்தத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். ஹைபிரிட் என்றால் முதலில் ரெடி ஆக்காமல், அதாவது கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு எரியாமல், கேளுங்கள், பிறகு ரெடி ஆக்கிக் கேளுங்கள். ரெடி ஆனதும்தான் இரைச்சல் தொடங்குகிறதென்றால் அது கொன்வேட்டர் பக்கமிருந்து வருகிறது. அடுத்து கடைக்காரர் முன்னிலையில் அம்பிளிபயரிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். இரைச்சல் நின்றால் அது செற் அல்லது கேபிள் வழியாக வருகிறது, எர்த் பிழையும் அந்த வழியால் வரலாம். நிற்காவிட்டால் பிழை அம்பிளிபயரின் எர்த் அல்லது பவர் பக்கம். கடைக்காரர் மறுத்தால், இத்தனையாம் திகதிக்குள் திருத்தாவிட்டால் வேறொருவரிடம் காட்டுவேன், அப்போது நீங்களும் வரலாம் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். அந்த ஒரு கடிதம் உங்களிடம் இருந்திருந்தால் இந்தப் பதிலின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

காசோலையை நிறுத்த வேண்டாம். நிறுத்திய மறுநாளே சண்டையின் பொருள் மாறிவிடும். அதுவரை நீங்கள் முறைப்பாட்டுக்காரர், பிறகு நீங்கள் பிரதிவாதி. காசோலைக்குச் சுருக்க நடைமுறையில் வழக்கிட முடியும். அங்கே எதிர்த்து வாதாடுவதற்கே முதலில் மன்றின் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி தந்தாலும் பணத்தைக் கட்டிவிட்டு வா என்று மன்று சொல்லலாம். இரைச்சலைப் பற்றிப் பேச உங்கள் முறை வரும்போது நீங்கள் களைத்திருப்பீர்கள்.

கடித ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: மருமகன் கடையின் படத்தைப் போட்டு ‘கள்ளர் கூட்டம்’ என்று பேஸ்புக்கில் எழுதியிருக்கிறாராம். இன்றிரவே எடுக்கச் சொல்லுங்கள். மானநட்டம் குற்றமாக இருந்த நிலை 2002 இல் போய்விட்டது, ஆனால் குடியியல் வழக்கு அப்படியே இருக்கிறது. நமது சட்டத்தில் உண்மையைச் சொன்னேன் என்பது மட்டும் தற்காப்பாகாது. பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பதையும் காட்ட வேண்டும். இரைகிற ஸ்பீக்கர் களவாகாது.

உங்களுக்கு மிஞ்சியிருக்கும் நல்ல வழி கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அலுவலகம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வியாபாரி தரும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டுமென்பது உட்கிடையான, அதாவது எழுதாவிட்டாலும் உள்ளதாகக் கொள்ளப்படும், உத்தரவாதம். இரு தரப்பையும் கேட்டுவிட்டு மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். மூன்று மாதம் பொருளும் சேவையும் தந்த நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் மூன்று தடவை கடைக்கு அலைந்ததும், ஃபில்ட்டர் வைத்ததும் அந்த ஓட்டத்தை நிறுத்தவில்லை. ‘அடுத்த கிழமை பார்ப்போம் ஐயா’ என்ற பதிலை நம்பியே பலர் இந்தக் காலத்தை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு ஏழு வாரம் போய்விட்டது. வழக்கு என்றாலும் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே என்னைப் போன்றவர்கள் உங்களுக்காக ஆஜராக முடியாது. அது உங்களுக்கு நன்மையாகவும் இருக்கலாம்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு, அதன் பிரதியோடு, ஊரில் மதிப்புள்ள ஒருவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். கேட்க வேண்டியது: சுன்னாகத்துக் கூலி 18,000 ரூபா, மிச்சமிருக்கும் இரைச்சலை அவர்கள் செலவிலேயே தீர்ப்பது அல்லது அம்பிளிபயரை எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கழிப்பது. முப்பதாயிரம் குறைத்து, பழைய காசோலையைத் திருப்பித் தந்து, 85,000 ரூபாவுக்குப் புதியது கேட்டால் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். பேச்சுக்கு முன் எழுதும் எந்தக் கடிதத்திலும் ‘உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று தலைப்பிடுங்கள், சமாதானத்துக்காக விட்டுக்கொடுத்தது பிறகு உங்களுக்கு எதிராகத் திரும்பாதிருக்க. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நிபந்தனை வைக்காதீர்கள். இந்த ஊரில் அந்த ஒரு நிபந்தனையால் குலைந்த இணக்கங்கள் ஏராளம்.

கடைக்குப் போகுமுன் சுன்னாகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. கழற்றிய பழைய கேபிளை எறிந்துவிட்டாரா, எர்த் பூட்டியிருந்த இடத்தைக் கழற்றுமுன் படம் எடுத்தாரா என்று கேளுங்கள். படம் இருந்தால் திகதியோடு அனுப்பச் சொல்லுங்கள். கேபிள் இருந்தால் அப்படியே ஒரு பையில் போட்டு வையுங்கள், துடைக்கவும் வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் முப்பதாயிரத்துக்குப் பதில் இருபதாயிரம் குறைத்தாலும் போதும்.