பொம்மை டைனோசரிலிருந்து ஒரு டிராகன்

கேள்வி: நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற கதை ஆட்டம் ஆடுகிறோம், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். கடைசிச் சண்டைக்குப் பெரிய டிராகன் வேண்டும். வீரர்களைக் குறிக்கும் குட்டிப் பொம்மைகள் (மினியேச்சர்கள்) 28 மில்லிமீட்டர் அளவு. பெரிய டிராகன்களின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நானே செய்ய முடியுமா? எவ்வளவு பெரிதாக?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் டிராகனின் உடம்பை விட்டுவிட்டு, முதலில் அது நிற்கும் பீடத்தை முடிவு செய்யுங்கள். ஆட்ட வரைபடத்தில் ஒரு அங்குலக் கட்டம் என்பது கதையில் 5 அடி. ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி வளர்ந்த டிராகன் ‘ஹ்யூஜ்’ என்ற அளவு வகை, 3-க்கு 3 கட்டம் பிடிக்கும். மிகப் பழமையான டிராகன் என்றால் குறைந்தது 4-க்கு 4. ஆக, பீடம் 75 அல்லது 100 மில்லிமீட்டர். அட்டையில் அந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். வீரர்கள் சுற்றி நிற்க இடமே இல்லை என்றால் பிரச்சினை நீங்கள் வரைந்த குகையில்தான், டிராகனில் இல்லை. சிறகும் வாலும் பீடத்தைத் தாண்டி நீளலாம், உயரத்துக்கும் விதி கிடையாது.

உடம்புக்கு என் முதல் சிபாரிசு பொம்மை டைனோசர். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸே ஹாங்காங்கில் தயாரான மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைத்தான் மேசையில் அரக்கர்களாக வைத்தார். ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர், புலெட் என்று இந்த ஆட்டத்தில் வரும் மூன்று அரக்கர்களும் பிறந்தது அந்த விசித்திரப் பொம்மைகளைப் பார்த்துத்தான்.

பொம்மையைப் பொம்மையாகக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கண்தான். தலைக்குப் பொருந்தாத பெரிய கண் இருந்தால் எவ்வளவு பெரிய விலங்கும் குட்டி மாதிரித் தெரியும். எபாக்சி புட்டியால் (இரண்டு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் பசைமாவு) கண்ணை மூடி, மேலே புருவ எலும்பு மாதிரி ஒரு மேடு வைத்து, ஊசிமுனை அளவில் புதுக் கண்ணைத் தீட்டுங்கள். கொம்பு, முதுகு முள் எல்லாவற்றுக்கும் அதே புட்டி போதும். சிறகுக்குக் கம்பியை விரல் எலும்புகள் போல வளைத்து, இடையில் பசை தோய்த்த மெல்லிய காகிதத்தை ஒட்டலாம். பீடத்தில் மனித அளவில் ஒரு மண்டையோடோ உடைந்த வாளோ கிடந்தால், டிராகன் சட்டென்று இரண்டு மடங்காகத் தோன்றும்.

பெயிண்ட் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் மென்மையான பிவிசி பிளாஸ்டிக். சில ஸ்பிரே பிரைமர்கள் (பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அதன் மேல் காயவே காயாது, வாரக் கணக்கில் பிசுபிசுக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அக்ரிலிக் பிரைமரைப் பிரஷ்ஷால் பூசுங்கள். எதற்கும் முதலில் வயிற்றுப் பக்கம் சோதித்துப் பாருங்கள். கால் கோணலாக இருந்தால் வெந்நீரில் முக்கி வளைத்து, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நிற்கும்.

பொருத்தமான பொம்மை கிடைக்கவில்லையா? கம்பிச் சட்டத்தின் மேல் அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி உடம்பாக்கி, மேலே மட்டும் களிமண்ணோ புட்டியோ பூசுங்கள். எடையும் செலவும் நன்றாகக் குறையும். தெர்மாகோலில் செய்தால் ஸ்பிரே பெயிண்ட் வேண்டாம், அரித்துவிடும். முதலில் வெள்ளைப் பசை கலந்த பெயிண்டால் நன்றாக மூடிவிடுங்கள்.

3டி பிரிண்டர் கைவசம் இருந்தாலும் ஒரு கணக்கு: உயரத்தை இரட்டிப்பாக்கினால் பொருள் எட்டு மடங்கு ஆகும். ஒளியில் இறுகும் திரவ ரெசினில் அடிப்பதானால் உள்ளே வெற்றிடம் விட்டு, மிச்ச ரெசின் வடிவதற்குத் துளை வைத்து, உட்புறத்தையும் கழுவிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய ரெசினால் மாதங்கள் கழித்து பொம்மை விரிசல் விட்டு ஒழுகும். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் பிரிண்டர் என்றால் துண்டு துண்டாக அடித்து ஒட்டுங்கள். அடுக்குக் கோடுகள் செதில்களுக்கு நடுவே அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம், எந்த வழியில் செய்தாலும் சிறகுகளை ஒட்டிவிடாதீர்கள். தோளில் சின்னக் காந்தம் பதித்துவிட்டால் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். ஆட்டத்தில் யாராவது சிறகை வெட்டி வீழ்த்தினால் மேசையிலேயே பிடுங்கியும் காட்டலாம்.